கால் கட்டைவிரலால் எழுது

முரளி, உன் சித்தப்பன் எழுதுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று முன்பே சொன்னவன் நான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், விஷயம் பெரிதாகிவிட்டால் பிறகு விட்டுப்போகும். நீ பதினோரு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். அப்போது உன் அப்பா, என் அண்ணன், உயிரோடு இருந்தான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்: "அண்ணே, இவன் வலது கால பாரு, வெளிப்பக்கமா சாச்சு வைக்கிறான். இந்தக் காலு ஒரு நாளு இவன படுத்தி எடுக்கும்." அண்ணன் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து, கம்பெனி பஸ் நிற்பதற்கு முன்னால் நீ குதித்தாய். அதே வலது கணுக்கால் மடங்கி உடைந்தது. அன்று காலையில்கூட "பஸ்ஸு நின்னப்பறம் எறங்குடா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அன்று காலையில் நான் எழுந்திருக்கவே இல்லை என்று உன் சித்தி சொல்வாள். அவள் சொல்வாள். மாவுக்கட்டுப் போட்டபோது, கட்டுப் பிரிப்பதோடு இது முடியாது, பிரித்த பிறகுதான் ஆரம்பம் என்றும் சொன்னேன். நடந்ததா இல்லையா? நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் இத்தனை காகிதம்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் உன் கம்பெனி டாக்டர் உன்னைக் கூப்பிட்டு, பத்துப் படி ஏறி இறங்கு, குந்தி எழுந்திரு, ஒற்றைக் காலில் நில் என்று பார்க்கப் போகிறார். நின்றால் நீ நிரந்தர ஆள். நிற்காவிட்டால் டிரெய்னியாகவே வீட்டுக்கு வரவேண்டியதுதான். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சமையல்கட்டில் சித்தியிடம் மெதுவாகச் சொன்னாய். நான் கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தின் முதல் பத்தியைக் கோயில் வாசலில் எழுதினேன், இதை டீக்கடை பெஞ்சில் எழுதுகிறேன், அடுத்ததை எங்கே எழுதுவேனோ தெரியாது. ஒரு வரி எழுதினால் எழுந்து நாலு அடி நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் உட்காரத் தோன்றுகிறது. டீக்கடைக்காரர், "இன்னாபா, பரீட்ச எழுதறியா?" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிடும்போது தரையில் உட்காரவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய். சரி, களைப்பு என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் நீ சித்தியிடம் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது, மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். பிறகு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாய். நம் வீட்டு வாசலில் சாக்கடைக்காக உயர்த்திக் கட்டிய மூன்று படி இருக்கிறதே, அதில் நீ இறங்கியதைப் பார்த்தேன். நிலைக்காலைப் பிடித்தாய். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினாய். வலது காலை முதலில் கீழே விட்டு, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாய். மறுபடி அதே மாதிரி. மூன்று படிக்கு ஆறு தடவை கால் வைத்தாய். முரளி, இந்தத் தெருவில் அப்படி நண்டு மாதிரி இறங்குகிறவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் நான். எட்டு வருஷமாக இறங்குகிறேன். இருபத்து மூன்று வயதில் நீ அப்படி இறங்குவதைப் பார்த்தபோது நானும் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டேன். "பாத்துப் போடா" என்று மட்டும் சொன்னேன். நீ "சரி சித்தப்பா" என்றாய்.

என் கால் கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்டது சுருக்கம். அப்போது நீ ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். நான் இந்த ஊரிலேயே நம்பர் ஒன் கைடு. எட்டு பாஷை பேசுகிற கைடு என்று கோயில் வாசலில் கேட்டால் என்னைத்தான் கையைக் காட்டுவார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் கூட்டம், நாற்பது பேர், குளத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி ஒன்பது பேர் என்பாள். ஒன்பது என்றே வைத்துக்கொள், ஒவ்வொருத்தரும் நாலு பேர் உடம்பு. பாசியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா வழுக்கினாள். ஒரு கையால் அவளைப் பிடித்தேன், இன்னொரு கையால் அவள் காமிராவைப் பிடித்தேன், மூன்றாவதாகப் பிடிக்க என் காலைத்தான் கொடுத்தேன். கணுக்கால் உள்ளே மடங்கி, ஜவ்வு கிழிந்தது. அவள் காமிராவுக்கு ஒரு கீறல் இல்லை. இருபது வருஷமாக ஆயிரங்கால் மண்டபத்தைக் காட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஆயிரத்தோராவது கால் போயிற்று என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெயந்தி அம்மா பிசியோதெரபி கிளினிக் புதிதாகத் திறந்திருந்தார்கள். மாடியில். கால் போனவனுக்கு வைத்தியம் செய்ய இருபத்திரண்டு படி ஏறி வரச் சொல்கிற ஒரே இடம் அதுதான். முதல் நாள் அவர்கள் சொன்னது: வெந்நீரில் பத்து நிமிஷம் காலை வை, பிறகு நான் காட்டுகிற பயிற்சியைச் செய். வீட்டுக்கு வந்து யோசித்தேன். வெந்நீர் எதற்கு? சித்திரை மாத மதியத்தில் வெளிப் பிரகாரத்துக் கல்லை விடவா ஒரு வாளி வெந்நீர் சூடு? கல்லும் பெரிது, இரண்டு காலுக்கும் ஒரே நேரத்தில் ஒத்தடம். போய் நின்றேன். பத்து நிமிஷம் போதாது என்று பதினைந்து நிமிஷம் நின்றேன். பாதம் இரண்டும் கொப்புளித்து, வாரம் முழுக்கக் குதிகாலால் நடந்தேன். "யார் சார் இப்படிச் செய்யச் சொன்னது?" என்று ஜெயந்தி அம்மா கேட்டார்கள். "எங்க ஊர் வைத்தியம்" என்றேன். எந்த ஊரிலும் இப்படி ஒரு வைத்தியம் இல்லை, நானே கண்டுபிடித்தது. அவர்கள் அதை நம்பி நோட்டில் எழுதிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். உனக்கு நான் சொல்வது, டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடச் சொந்த மூளையைச் சேர்க்காதே. நம் குடும்பத்து மூளை காலுக்கு ஆகாது.

கொப்புளம் ஆறிய பிறகுதான் அந்தப் பயிற்சிக்கு வந்தோம். உயரமான கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, கட்டைவிரலைப் பேனா என்று நினைத்துக்கொண்டு, காற்றில் ஏ, பி, சி, டி எழுத வேண்டும். முழுக்க எழுதினால் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பும், இறுகிப்போன இடம் இளகும். நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீடுகளிலும் சொல்லியிருக்கிறேன். கட்டிலை விட்டு எழுந்தேன். "அம்மா, எங்க வீட்ல பேப்பர்மேல கால் பட்டாக்கூட கண்ல ஒத்திக்குவோம். எழுத்து சரஸ்வதி. சரஸ்வதிய கால்ல எழுத என்னால ஆகாது. இந்தக் காலு சரியாவலன்னாலும் பரவால்ல" என்றேன். ஜெயந்தி அம்மா கண் கலங்கி, கைகூப்பி, "இத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், ஒருத்தருக்கும் இது தோணல சார்" என்றார்கள். அதோடு நான் அந்தப் படி ஏறவில்லை. கால் தானாகவே சரியாயிற்று என்று உன்னிடம் சொன்னேன். எவ்வளவு சரியாயிற்று என்பதை நீ தினமும் வாசல் படியில் பார்த்தாய். உள் பிரகாரத்துப் படிகளை நான் எட்டு வருஷமாகக் கீழே நின்று கையை நீட்டித்தான் காட்டுகிறேன். திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலுக்கு ஆட்களைக் கூட்டிப்போனால் ஆட்டோவை விட்டு இறங்காமல் பேசுகிறேன். நம்பர் ஒன் கைடு, வாசல் கைடு ஆகிவிட்டேன். இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, நான்தான் இப்போது முதல் தடவையாக எழுதுகிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கோயில் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டேன். உனக்குக் கட்டுப் பிரித்த மறுவாரம், அதே மாடிக்கு உன்னைக் கைத்தாங்கலாக நான்தான் ஏற்றினேன். பெஞ்சில் ஐந்தாறு பேர். ஜெயந்தி அம்மாவுக்கு முடி நரைத்திருந்தது, கை அதே கை. உன் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார்கள், கீழே இழுத்துப் பார்த்தார்கள். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கச் சொன்னார்கள், நீ செய்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாய். பிறகு உன்னைக் கட்டிலில் உட்காரவைத்து, "கட்டைவிரலைப் பேனான்னு நெனச்சுக்கோ தம்பி. ஏ, பி, சி, டி எழுது. பெருசு பெருசா" என்றார்கள். நீ ஏ எழுதத் தொடங்கியதுதான் தாமதம், நான் நடுவில் புகுந்தேன்.

"அம்மா, எட்டு வருசத்துக்கு முன்னாடியே சொன்னேன். எங்க குடும்பத்துல எழுத்த கால்ல எழுத மாட்டோம்."

"சார், இது காத்துல எழுதறதுதானே?"

"காத்துல எழுதினாலும் எழுத்து எழுத்துதானேம்மா. சாமி காத்துல இல்லியா?"

பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டி, "அவர் சொல்றதும் நாயம்தான்" என்றார். எனக்கு அது போதாதா? நான் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். கோயிலில் இருபது பேரை வைத்துக்கொண்டு பேசுகிற அதே குரலில். ஜெயந்தி அம்மா பொறுமையாக, "அப்ப வட்டம் போடட்டும் சார். ஆனா வட்டம் ஒரே மாதிரிதான் சுத்தும். எழுத்துன்னா மூலை முடுக்கெல்லாம் திரும்பும். தம்பிக்கு அதுதான் வேணும்" என்றார்கள். நான் விடவில்லை. நான் ஜெயித்தேன். நீ காலைத் தொங்கவிட்டபடி, ஏ-யின் முதல் கோட்டில் நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காது சிவந்துபோயிருந்தது. படி இறங்கும்போது, "உனக்கு இன்னா தோணுது?" என்று கேட்டேன். "நீ சொன்னா சரிதான் சித்தப்பா" என்றாய். அதற்குப் பிறகு நீ அந்த மாடிக்குப் போகவில்லை. அந்த அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று உனக்கு வெட்கம். எழுத்து மட்டும் போகவில்லை, துண்டும் போயிற்று, சுவரும் போயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டு முடிந்தால் கணுக்கால் இட்லி மாதிரி வீங்குகிறது என்று சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் நீ என் சொல்லை இப்படி எடுத்துக்கொள்வாய் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்துப் போன பிறகு, ஆறு வயதில் எங்களிடம் வந்தாய். வந்த வாரமே தெரியாமல் என் பேப்பரை மிதித்துவிட்டு, நான் அதட்டுவேன் என்று பயந்து, அந்தப் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்; ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பதினாறு பக்கமும் ஒற்றினாய். சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சொன்னால் பதினாறு பக்கமும் ஒற்றுகிற பிள்ளை நீ. அதனால் நான் வாயைத் திறக்கும்போது யோசித்திருக்க வேண்டும். யோசித்தவன் இல்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்கு யோசனையே வரும்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில், கட்டுப் பிரித்ததிலிருந்து நீ போட்டுக்கொண்டிருந்து, பழசு என்று வீட்டில் விட்டுப்போன கேன்வாஸ் ஷூவை ஒரு பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிற தனம் உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரம் ஜோடி அவள் கையில் புரளும். யாருடைய செருப்பையும் கவிழ்த்துப் பார்த்தே அவர்களுக்கு முட்டி வலியா, இடுப்பு வலியா என்று சொல்லிவிடுவாள். யாருடையது என்று சொல்லாமல் கொடுத்தேன். இரண்டையும் திருப்பி அடிப்பாகத்தை வெயிலில் காட்டிப் பார்த்தாள்.

"யாருது இது? வயசானவங்களா?"

"ஏன்?"

"வலது குதிகால்ல தேய்மானமே இல்ல பாரு, கடையில வாங்கினாப்ல இருக்குது. மொன மட்டும் தேஞ்சிருக்குது. ஊணறதே இல்ல. உன் செருப்பும் இப்படித்தான் இருக்கும்." என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "உங்க வீட்டுப் புள்ளதா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "சின்னப் புள்ளயாச்சேபா அது" என்று சொல்லி, ஷூவைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். அன்று வந்த இரண்டு கூட்டத்தையும் வேறு ஆளிடம் தள்ளிவிட்டு, மதியம் வரைக்கும் தேரடியில் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த இருபத்திரண்டு படியைத் தனியாக ஏறினேன். பக்கவாட்டில்தான். ஜெயந்தி அம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டவில்லை, கட்டிலைக் காட்டினார்கள்; எனக்குத்தான் வைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, பையனுக்கு என்றேன். பதினெட்டு நாள் சங்கதியைச் சொன்னேன். கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொன்னேன், கம்பெனி முதலாளியே உன்மேல் உயிராக இருக்கிறார் என்றெல்லாம். அவர்கள் அதைக் காதில் வாங்காமல், "தம்பிக்குக் கால் எவ்வளவு வளையுது?" என்று கேட்டார்கள். படியில் இறங்கியதை நடித்துக் காட்டினேன். நடிக்கத் தேவையே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"பதினெட்டு நாள்ல முழுசா வராது சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா வர ஆரம்பிச்சிரும். சின்ன வயசு, எலும்பு நல்லா கூடியிருக்கு. நாளைக்கே வரச் சொல்லுங்க. கம்பெனி டாக்டர் பார்க்கறப்ப கால் வளைஞ்சு குடுக்க ஆரம்பிச்சிருந்தா, இன்னும் ஒரு மாசத்துல சரியாயிடும்னு நானே எழுதித் தரேன். கேப்பாங்க. இப்படியே விட்டா மட்டும் அப்புறம் கஷ்டம்."

"எனக்கு ஆன மாதிரி."

"உங்களுக்கு ஆன மாதிரி" என்றார்கள். பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். சரஸ்வதின்னு சொன்னீங்களே, இங்கிலீஷ் எழுத்துக்கும் அவங்க கோவிச்சுக்குவாங்களா?" என்று கேட்டார்கள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்கள். "எல்லா எழுத்தும் அவதாம்மா" என்றேன். "அப்ப கோலம் போடச் சொல்லியிருப்பேனே சார், பூ போடச் சொல்லியிருப்பேன். நீங்க அன்னைக்கு நிக்கவே இல்ல, எறங்கிப் போயிட்டீங்க" என்றார்கள். அன்றைக்கு நின்றிருந்தால் கோலம் போட்டிருப்பேன் முரளி. எட்டு வருஷம்.

அவர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் எண் போட்டிருக்கிறது, நான் எண் இல்லாமல் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் பாதத்தைத் தரையில் வைக்காதே, படுக்கையிலேயே துண்டை மாட்டி உன் பக்கம் இழு. முப்பது எண்ணும் வரைக்கும் விடாதே, வெடுக்கென்று இழுக்காதே. சாயம் போட்ட நூலைப் பிழிகிற மாதிரி முறுக்கக் கூடாது, மெதுவாக. பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நில், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். ஷிப்டில் இடைவேளை விடும்போது படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கு, ஏற்று. வீங்கினால் அன்று குறைத்துக்கொள், சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிட்டு அவர்களைக் கேள், என்னைக் கேட்காதே. குதிகால் மெத்தென்று இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு ஒன்று கடைத்தெருவில் கரீம் பாய் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், அறையில் அதைப் போட்டுக்கொள், வெறுங்காலோடு நடக்காதே. பிறகு எழுத்து. தினம் மூன்று தடவை. அதை விடாதே. ஜெயந்தி அம்மாவின் காகிதத்தில் அதைத்தான் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதினாலும் சரிதான் என்றார்கள். நான் செய்து பார்த்தேன். நேற்று மதியம் கட்டிலில் உட்கார்ந்து, எவ்வளவோ நாளாக மரக்கட்டையாகக் கிடக்கிற இந்தக் காலால் 'இ' போட்டேன். அந்த ஓர் எழுத்திலேயே கணுக்கால் நாலு பக்கமும் போய் வந்துவிடும், உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி சத்தம் வந்தது. 'ஞ' போடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சித்தி உள்ளே வந்தாள். என் கால் காற்றில் ஆடுவதைப் பார்த்தாள்.

"இன்னாயா பண்ற?"

"எழுதறேன்."

"கால்லயா? நீயா?" கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அன்னைக்குப் புள்ளய ஏன்யா தடுத்த?"

நான் 'ண' போட்டுக்கொண்டிருந்தேன், அது நீளமான எழுத்து, காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் நின்று பார்த்துவிட்டு, "உன் கால விடு. அவன் காலு போச்சுன்னா நான் உன்னோட பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதைச் செய்கிறவள். அவள் பேசாமல் இருந்தால் நான் யாரிடம் பேசுவேன்?

இப்போது வீட்டுக் கூடத்தில் இருந்து எழுதுகிறேன். இதற்கு மேல் எழுந்து நடக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, உறையில் வைத்தாலும் ஒட்டவில்லை. நாளை காலைப் பஸ்ஸில் சித்தி கொண்டுவருவாள். வழியில் அவள் படிப்பாள், அறையில் உன்னோடு இருக்கிற பையன்களும் படிக்கலாம். படிக்கட்டும். நீ நாளைக்கே சித்தியோடு புறப்பட்டு ஜெயந்தி அம்மாவிடம் போகவேண்டும். சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று உன் மனதில் ஓர் ஓரத்தில் நான் போட்டு வைத்தது இருக்கும், நீ பதினாறு பக்கமும் ஒற்றுகிற பிள்ளை. அதை எடுத்துவிடுவதற்கு எனக்கு ஒரே வழிதான் இருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டிலில் நான் எழுந்து நின்று பேசியதாகச் சொன்னேனே, அதற்கு முன்னால் நடந்ததை யாருக்கும் சொன்னதில்லை. நான் எழுதினேன். ஜெயந்தி அம்மா சொன்னதும் தயங்காமல் காலை நீட்டி எழுத ஆரம்பித்தேன், சாமி நினைப்பே இல்லை. பெஞ்சில் தோள்பட்டை வலிக்காக வந்திருந்த ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். என் கட்டைவிரல் போகிற போக்கைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். ஏ என்றார், பி என்றார். "கைடு இல்லையா, கால்லயும் இங்கிலீஷ் நல்லா வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெள்ளைக்காரனோடு நாள் முழுக்கப் பேசுவேன் முரளி, எல்லாம் காதால் பிடித்தது. வெள்ளைக்காரர்கள் என்னைப் பாராட்டி எழுதிக் கொடுத்த நோட்டை எல்லோருக்கும் விரித்துக் காட்டுவேனே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எட்டாவது பாஸ் என்று சொல்வது அப்புறம் சேர்த்தது. ஏழு எழுத்து எழுதினேன். ஏழு வரைக்கும் சரஸ்வதி ஒன்றும் சொல்லவில்லை. கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தார். ஜெயந்தி அம்மா, "அப்புறம் சார்?" என்றார்கள். அப்போதுதான் கட்டிலை விட்டு எழுந்து, வாயில் வந்த சாமி பெயரைச் சொன்னேன். யாரும் கைகூப்பவில்லை, யார் கண்ணும் கலங்கவில்லை. ஜிக்கு அடுத்து என்ன எழுத்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் நடந்தது.